தீயணைப்பு ஸ்பிரிங்க்ளரின் வடிவமைப்பை எங்கே மேம்படுத்தலாம்?

இயந்திரவியல் இறுதியாண்டு மாணவர் ஒருவர் இங்கே கேட்டிருப்பது இது: கட்டிடங்களின் சீலிங்கில் இருக்கும் ஸ்பிரிங்க்ளர் நூறாண்டுக்கும் மேலாக ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. அதில் சென்சாரும் சிறிய மின்னணுப் பலகையும் பொருத்தி, தீயை முன்கூட்டியே அறிந்து திறக்கவும், தீ அணைந்ததும் தானாக மூடிக்கொள்ளவும் செய்தால் அது நல்ல மேம்பாடாகுமா? கேள்வியை இரண்டு முறை படித்தேன். சென்சார் பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, இன்றைய ஸ்பிரிங்க்ளர் எந்த இடத்தில் தோற்கிறது என்பதைத்தான் என்று நினைக்கிறேன். அது தெரிந்தால் எதைத் திருத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கட்டிடங்களுக்குத் தீத்தடுப்புக் குழாய் அமைப்புகளை வடிவமைத்தும் ஆய்வு செய்தும் வருகிறேன். ஹெட், அதாவது குழாயின் முனையில் தண்ணீரைத் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலை, தயாரிக்கும் ஆலையிலோ தீச்சோதனைக் கூடத்திலோ வேலை செய்தவன் அல்ல. எனவே குழாய், பம்ப், வால்வு, சீலிங் பற்றி நான் சொல்வது கையால் தொட்டு அறிந்தது. துளியும் சுடரும் பற்றிச் சொல்வது படித்தும் கணக்குப் போட்டும் அறிந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அந்தச் சின்னப் பொருளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 1874இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஹென்றி பார்மலி தம்முடைய பியானோ தொழிற்சாலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பொருத்திய ஸ்பிரிங்க்ளரில் வேலை செய்ததும், இன்றைய ஹெட்டில் வேலை செய்வதும் ஒரே கருத்து: வெப்பமே சாவி. இன்று நாம் பார்க்கும் கண்ணாடிப் பல்ப்புக்குள் ஒரு திரவமும் ஒரு சிறு காற்றுக்குமிழும் இருக்கின்றன. சூடேற ஏறத் திரவம் விரிந்து குமிழை விழுங்குகிறது. விரிய இடமில்லாமல் போகும் கணத்தில் பல்ப் வெடிக்கிறது, அது தாங்கிக்கொண்டிருந்த மூடி தெறிக்கிறது, தண்ணீர் பாய்கிறது. எந்த வெப்பத்தில் வெடிக்கும் என்பதைத் திரவத்தின் நிறமே சொல்லிவிடும்: ஆரஞ்சு 57 டிகிரி செல்சியஸ், சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141. மின்சாரம் வேண்டாம், சமிக்ஞை வேண்டாம், யாரும் விழித்திருக்க வேண்டாம். சூடான ஹெட் மட்டுமே திறக்கும். திரைப்படங்களில் வருவதுபோல் ஒரு மாடி முழுவதும் ஒரே நேரத்தில் கொட்டாது. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் தொகுத்த பதிவுகளின்படி, ஸ்பிரிங்க்ளர் செயல்பட்ட தீ விபத்துகளில் முக்கால்வாசிக்கு மேற்பட்டவற்றில் திறந்தது ஒரே ஒரு ஹெட்தான்.

அப்படியானால் குறை எங்கே? முதல் குறை நேரம். இதைக் கணக்காகவே பார்க்கலாம். எரியும் பொருளிலிருந்து எழும் சூடான புகை சீலிங்கில் மோதிப் பரவுகிறது. அதன் வெப்பத்தைக் கணிக்க 1972இல் தீ ஆய்வாளர் ஆல்பெர்ட் தந்த எளிய சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறோம். 500 கிலோவாட் தீ, அதாவது ஒரு சோஃபா நன்றாகப் பற்றத் தொடங்கிய நிலை, 3 மீட்டர் உயரச் சீலிங்குக்குக் கீழே எரிந்தால் நேர் மேலே வெப்பம் சுமார் 170 டிகிரி கூடும். அதே தீ 10 மீட்டர் உயரக் கூரைக்குக் கீழே எரிந்தால் கூடுவது வெறும் 23 டிகிரி. அறை வெப்பம் 35 டிகிரி என்றால் மொத்தம் 58. 68 டிகிரி பல்ப் அங்கே எவ்வளவு நேரம் தொங்கினாலும் உடையாது. அது உடைவதற்கு 10 மீட்டர் கூரையில் தீ 860 கிலோவாட்டை ஒட்டி வளர வேண்டும். 20 மீட்டர் உயர முற்றம் கொண்ட வணிக வளாகத்தில் ஏறத்தாழ 4,900 கிலோவாட் வேண்டும். அதற்குள் அந்தத் தளத்தில் நிற்க முடியாது. ஆகவே உயரமான கூரைகளுக்கு உங்கள் சென்சார் யோசனை வெறும் அலங்காரம் அல்ல, அங்கே அதற்கு உண்மையான வேலை இருக்கிறது. 3 மீட்டர் சீலிங் உள்ள அலுவலகத்திலோ விடுதி அறையிலோ அதனால் கிடைப்பது மிகக் குறைவு.

நேரத்தின் இன்னொரு பாதி பல்ப்பின் கனத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள காற்று சூடாகிவிட்டாலும் பல்ப் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளத் தாமதமாகும். இதை அளக்கும் குறியீட்டை 1976இல் ஃபேக்டரி மியூச்சுவல் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹெஸ்கஸ்டாடும் ஸ்மித்தும் வகுத்தார்கள். ஆங்கிலச் சுருக்கம் ஆர்டிஐ. இந்தக் குறியீட்டைக் காற்றின் வேகத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பல்ப்பின் பின்னடைவு விநாடிகளில் கிடைக்கும். 5 மி.மீ. பல்ப் கொண்ட சாதாரண ஹெட்டுக்குக் குறியீடு 100 என்றும், 3 மி.மீ. பல்ப் கொண்ட விரைவு ஹெட்டுக்கு 30 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். புகை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்தால் முதலாவதின் பின்னடைவு 71 விநாடி, இரண்டாவதின் பின்னடைவு 21 விநாடி. நடுவில் இருக்கும் 50 விநாடியின் விலை என்ன? வேகமாக வளரும் வகைத் தீ 100ஆவது விநாடியில் 470 கிலோவாட் என்றால் 150ஆவது விநாடியில் 1,050 கிலோவாட்டைத் தாண்டிவிடும். பல்ப்பை 2 மி.மீ. மெலிதாக்கிய மாற்றம் அந்த வித்தியாசத்தைத் தந்தது. ஸ்பிரிங்க்ளர் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மேம்பாடு இதுதான், ஏனென்றால் இதில் புதிதாகச் சேர்த்த உறுப்பு எதுவும் இல்லை.

வேகம் எல்லா இடத்திலும் நன்மை தராது. பம்ப் தரும் தண்ணீருக்கு ஓர் எல்லை உண்டு. சாதாரணமாக நாம் 12 ஹெட்கள் ஒரே நேரத்தில் திறக்கும் என்று கணக்கிட்டுக் குழாயும் பம்ப்பும் தேர்வு செய்திருப்போம். அடுக்கி வைத்த சரக்கு எரியும் கோடவுனில் புகை சீலிங் ஓரமாக நெடுந்தூரம் ஓடும். எல்லா ஹெட்டும் அவசரப்பட்டுத் திறந்தால், தீக்கு மேலே இருக்கும் நான்கு ஹெட்களுக்குப் போக வேண்டிய அழுத்தத்தைத் தூரத்தில் இருக்கும் இருபது ஹெட்கள் தின்றுவிடும். ஆகவே வேகமாகத் திறக்கும் ஹெட் என்பதைவிட, திறக்க வேண்டிய ஹெட் மட்டும் வேகமாகத் திறப்பது என்பதே சரியான இலக்கு. அதே ஃபேக்டரி மியூச்சுவலின் வழிவந்த எஃப்எம் நிறுவனம் (முன்பு எஃப்எம் குளோபல்) ஆய்வு செய்துவரும் மின்வழித் திறப்பு ஸ்பிரிங்க்ளர்கள் இந்தத் திசையில்தான் போகின்றன: புகையையும் வெப்ப உயர்வின் வேகத்தையும் பல இடங்களில் அளந்து, தீ இருக்கும் இடத்தைக் கணித்து, அதைச் சுற்றியுள்ள ஹெட்களை மட்டும் ஒன்றாகத் திறப்பது. சோதனைக் கூடத்தில் இது நன்றாக வேலை செய்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. தூசி படிந்த, எலி வயரைக் கடிக்கும், பேட்டரி மாற்ற ஆளில்லாத நம் ஊர்க் கோடவுனில் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் வேலை செய்யுமா என்பதில்தான் ஐயம்.

இரண்டாவது குறையை மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தண்ணீர் தீயிடம் போய்ச் சேர்வதில்லை. சாதாரண ஹெட்டின் கே எண் 80. அதாவது 1 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் வரும். 30 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டர் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 2.5 மெகாஜூல் வெப்பத்தை உறிஞ்சும். ஆக, ஒரே ஹெட்டின் தண்ணீர் முழுவதும் ஆவியானால் 3 மெகாவாட்டுக்கு மேற்பட்ட தீயின் வெப்பத்தை அது எடுத்துக்கொள்ளும். ஆனால் நடப்பதென்ன? பெரும்பகுதி தரையில் ஓடி வீணாகிறது. ஒரு பகுதி எரியாத இடத்தில் விழுகிறது, அதனால் தீ பரவுவது தடைபடுகிறது, அது வீண் அல்ல. இன்னொரு பகுதியைச் சுடரின் மேல்நோக்கிய காற்று தூக்கி எறிந்துவிடுகிறது. மழையை நினைத்துக்கொள்ளுங்கள். அரை மி.மீ. தூறல் துளி விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்கும், 1 மி.மீ. துளி 4 மீட்டர், 2 மி.மீ. துளி ஆறரை மீட்டர். உயரமாக அடுக்கிய சரக்கின் இடுக்கில் எழும் சுடரின் வேகம் விநாடிக்குப் பல மீட்டர். தூறல் அதற்குள் இறங்க முடியாது. கனத்த மழைத் துளி இறங்கும்.

ஹெட்டின் வடிவமைப்பாளர் உண்மையில் கையாள்வது இந்த முரண்பாட்டைத்தான். சிறு துளி வெப்பத்தை வேகமாக உறிஞ்சும், ஆனால் தீயின் அடியை அடையாது. பெருந்துளி அடையும், ஆனால் முழுவதும் ஆவியாகாமல் ஓடிவிடும். அழுத்தத்தை ஏற்றினால் தண்ணீர் கூடும் என்று எல்லோரும் நினைப்பார்கள். கூடும்தான், ஆனால் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியது, ஆகவே இரு மடங்கு தண்ணீருக்கு நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். அத்துடன், அழுத்தம் இரட்டித்தால் துளியின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுத்துவிடும். அதிகத் தண்ணீர் விட்டும் அது தீயை அடையாமல் போகலாம். 1980களில் ஃபேக்டரி மியூச்சுவல் ஆய்வாளர்கள் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் அழகானது. தீயை அடக்க அதன் மேற்பரப்பில் எவ்வளவு தண்ணீர் விழ வேண்டும் என்பதைத் தனியாக அளந்தார்கள். எரியும் சுடரின் ஊடாக உண்மையில் எவ்வளவு விழுகிறது என்பதைத் தனியாக அளந்தார்கள். இரண்டாவது முதலாவதைவிடக் கூடுதலாக இருக்கும்படி துளையைப் பெரிதாக்கி, பல்ப்பை அல்லது (பல்ப்புக்குப் பதிலாக வெப்பத்தில் உருகித் திறக்கும்) உருகு இணைப்பை வேகமாக்கி, தண்ணீரைச் சிதறடிக்கும் டிஃப்ளெக்டர் தகட்டை மாற்றினார்கள். கே எண் 200, சுமார் 3.5 பார் அழுத்தத்தில் ஒரு ஹெட்டுக்கு நிமிடத்துக்கு 370 லிட்டருக்கு மேல். இன்று பெரிய சரக்குக் கிடங்குகளில் தொங்கும் இஎஸ்எஃப்ஆர் வகை ஹெட் இதுதான். தீயைக் கட்டுக்குள் வைத்திருந்து தீயணைப்பு வண்டிக்காகக் காத்திருப்பது பழைய முறை. வளரும் முன்பே அடக்கிவிடுவது இதன் நோக்கம்.

டிஃப்ளெக்டர் என்பது தண்ணீர் மோதிச் சிதறும் அந்தப் பல் பல்லான தகடு. அதைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். 1950களுக்கு முன்பிருந்த ஹெட்கள் ஏறத்தாழ பாதித் தண்ணீரை மேல்நோக்கிச் சீலிங்கின் மீது அடித்தன, மரக்கூரை பற்றிவிடும் என்ற அச்சத்தால். அந்தத் தகட்டின் வடிவத்தை மாற்றித் தண்ணீர் முழுவதையும் குடைபோலக் கீழே விரித்தபோது, அதே தண்ணீர் தீயை முன்பைவிட நன்றாக அடக்கியது, கூரையும் பற்றவில்லை. உங்கள் கல்லூரியில் முப்பரிமாண அச்சு இயந்திரம் இருந்தால் டிஃப்ளெக்டர் பல்லின் எண்ணிக்கை, கோணம், இடைவெளி ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சோதிப்பது நல்ல ஆய்வு. கணினி மாதிரியால் மட்டும் செய்துவிடலாம் என்று நம்பாதீர்கள். புகையின் ஓட்டத்தையும் பல்ப் எப்போது உடையும் என்பதையும் இன்றைய மென்பொருள்கள் நன்றாகவே கணிக்கின்றன. தண்ணீர் விழுந்தபின் தீ எப்படி அடங்கும் என்பதில் அவை இன்னும் அந்த நம்பகத்தை எட்டவில்லை. அதனால்தான் புதிய ஹெட் ஒவ்வொன்றும் இன்றும் உண்மையான தீயின் முன் நிறுத்திச் சோதிக்கப்படுகிறது.

இனி, தானாக மூடிக்கொள்ளும் யோசனை. இது புதிதல்ல. 1970களிலேயே அமெரிக்காவில் அப்படிப்பட்ட ஹெட்கள் விற்பனைக்கு வந்தன. வெப்பம் குறைந்தால் மூடும், மீண்டும் ஏறினால் திறக்கும். அவை நிலைக்கவில்லை. காரணத்தை என்னால் எளிதாகப் புரிந்துகொள்ள முடிகிறது. நம் குழாய்த் தண்ணீர் துருவும் மணலும் கலந்தது. ஒருமுறை ஓடிய வால்வின் இருக்கையில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தாலே அது சரியாக மூடாது. பஞ்சுப் பொதியும் மெத்தையும் வெளியே அணைந்து உள்ளே கனன்றுகொண்டிருக்கும். சீலிங்கில் இருக்கும் கருவிக்கு அது தெரியாது. தீ முழுவதும் அணைந்ததென்று தீயணைப்பு அலுவலர் சொல்லும் வரை வால்வை மூடக் கூடாது என்பது அனுபவம் கற்பித்த விதி. ஒரு ஹெட் பத்து நிமிடம் ஓடினால் 800 லிட்டர் அளவில் தண்ணீர் போகும். அது ஒரு வீட்டு மாடித் தொட்டி அளவுகூட இல்லை. அதைச் சேமிக்க இவ்வளவு ஆபத்தை ஏற்பது தகாது என்பது என் தீர்மானமான கருத்து.

உறுப்புகளைக் கூட்டுவதில் எனக்கு இருக்கும் அச்சத்துக்கு ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்காவில் 1998இல் ஒமேகா என்ற வகை ஸ்பிரிங்க்ளர்கள் சுமார் 84 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. மூன்று ஆண்டுகள் கழித்து, அவற்றைத் தயாரித்த நிறுவனம் இன்னும் ஏறத்தாழ 3.5 கோடி ஹெட்களை மாற்றித்தர முன்வந்தது. குற்றவாளி ஒரு சிறு ரப்பர் வளையம். கசிவைத் தடுக்க அது மிக நன்றாக வேலை செய்தது, ஆலையில் நடந்த சோதனைகளில் தேறியது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தண்ணீரின் உப்பும் தாதுக்களும் அதைப் பிடித்துக்கொள்ள, வெப்பம் வந்தபோதும் மூடி விடுபடாமல் போகும் நிலை உண்டானது. இன்றைய ஹெட்களில் அதற்குப் பதிலாக, பல்ப் உடைந்ததும் தானே மூடியை உந்தித் தள்ளும் வில் தகடு இருக்கிறது. ஒரு ஹெட் புதிதாக இருக்கும்போது வேலை செய்வது பெரிய விஷயமல்ல. யாரும் நினைத்துப் பார்க்காமல் ஐம்பது ஆண்டுகள் தொங்கிவிட்டு, ஒரே ஒரு முறை, ஒரே ஒரு நிமிடம் தவறாமல் வேலை செய்ய வேண்டும். நீங்கள் எதைச் சேர்த்தாலும் இந்தத் தேர்வில் அது தேறுமா என்று கேளுங்கள். சென்சார் வைத்தே தீர வேண்டுமென்றால் பல்ப்பை எடுத்துவிடாதீர்கள். பல்ப்பை மின்விசையாலும் உடைக்கலாம், வெப்பத்தாலும் அது தானே உடையும் என்று இரட்டை வழி வையுங்கள். மின்சாரமும் பேட்டரியும் செத்துப்போனால் 1874இன் கருத்து காவலுக்கு நிற்கும்.

மூன்றாவது குறைதான் எனக்கு அதிகம் தெரிந்தது, அதிகம் வலிப்பதும். அதே தீத்தடுப்புச் சங்கத்தின் பதிவுகளில், ஸ்பிரிங்க்ளர் செயல்படாமல் போன சம்பவங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் காரணம் ஒன்றே: யாரோ வால்வை மூடி வைத்திருந்தார்கள். தென்மாவட்டம் ஒன்றில் ஒரு ஜவுளிக் கடையை ஆய்வு செய்யப் போனபோது, இரண்டாம் தளத்துக்கான வால்வு மூடியே கிடந்தது. கசிவு பார்க்க வந்த பிளம்பர் மூடினார், எட்டு மாதமாக யாரும் திறக்கவில்லை. மேலே நூற்றைம்பது ஹெட்கள் பளபளவென்று தொங்கின, குழாயில் தண்ணீர் இல்லை. தீபாவளிக் கூட்டம் அந்தத் தளத்தில்தான் நின்று புடவை பார்த்திருக்கிறது. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே கடையில் பெயிண்டர்கள் சீலிங்கோடு சேர்த்துச் சில பல்ப்புகளுக்கும் வெள்ளை அடித்திருந்தார்கள். பெயிண்ட் பட்ட ஹெட்டைத் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். சீலிங்குக்குள் மறைந்திருக்கும் வகை ஹெட்டில் இது இன்னும் மோசம். அதன் வட்டத் தகடு வெப்பத்தில் கழன்று விழ வேண்டும், விளிம்பில் பெயிண்ட் படிந்தால் ஒட்டிக்கொள்ளும்.

வால்வு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1991 பிப்ரவரி 23 இரவு ஃபிலடெல்ஃபியாவில் நடந்ததைச் சொல்லலாம். ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டிடத்தின் 22ஆவது தளத்தில், ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் தாமாகப் பற்றின. அந்தத் தளத்தில் ஸ்பிரிங்க்ளர் இல்லை. தீயணைப்புக் குழாய்களின் அழுத்தக் குறைப்பு வால்வுகள் தவறாக அமைக்கப்பட்டிருந்ததால் வீரர்களின் கையில் வந்த தண்ணீர் போதவில்லை. மூன்று வீரர்கள் இறந்தார்கள். தளம் தளமாக ஏறிய தீ 30ஆவது தளத்தில் நின்றது. அங்கே ஸ்பிரிங்க்ளர் இருந்தது. பத்து ஹெட்கள் திறந்து, எட்டுத் தளங்களை எரித்த தீயை நிறுத்தின. அந்தப் பத்தும் சாதாரண ஹெட்கள்தான். அவற்றுக்குப் பின்னால் திறந்த வால்வும் தண்ணீரும் இருந்தன.

இதனால்தான் உங்கள் மின்னணு அறிவை ஹெட்டில் அல்லாமல் குழாயில் செலவிடச் சொல்கிறேன். வால்வு திறந்திருக்கிறதா, கடைக்கோடிக் குழாயில் அழுத்தம் இருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, பம்ப்பின் சுவிட்ச் தானியங்கி நிலையில் இருக்கிறதா: இந்த நான்கையும் கண்காணித்து, காவலாளிக்கும் உரிமையாளருக்கும் அறிவிக்கும் மலிவான கருவி நம் ஊரில் பெரிய வளாகங்களைத் தாண்டி எங்கும் நான் பார்த்ததில்லை. அது பழுதானாலும் ஸ்பிரிங்க்ளர் பாட்டுக்கு வேலை செய்யும். இதுவே அதன் பெரிய நன்மை. குழாயின் உள்ளே சிக்கிய காற்றால் துரு ஏறுவது இன்னொரு நல்ல களம். சில நாடுகளில் காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்புகிறார்கள். நம் கடலோர நகரங்களுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீருக்கும் பொருந்துமா என்று யாராவது உட்கார்ந்து அளக்க வேண்டும்.

வெயிலைப் பற்றியும் ஒன்று. 57 முதல் 77 டிகிரி வரையிலான ரக ஹெட்களை, கூரையடி வெப்பம் 38 டிகிரியைத் தாண்டாத இடத்தில்தான் பொருத்த வேண்டும் என்பது என்எஃப்பிஏ, அதாவது மேலே சொன்ன அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதி. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் என்ன வெப்பம் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அங்கே மஞ்சளோ பச்சையோதான் வேண்டும். ஆனால் பட்டியலைப் பார்த்து எல்லா இடத்துக்கும் சிவப்பே வாங்கி மாட்டிவிடுகிறார்கள்.

ஒரு தலைப்பு மட்டும் சொல் என்றால் இதைச் சொல்வேன்: சீலிங் மின்விசிறி. ராட்சத விசிறிகள் உள்ள கிடங்குகளில், தண்ணீர் பாயத் தொடங்கியதும் அவை தானாக நிற்க வேண்டும் என்று விதி உண்டு. நம் வீடுகளிலும் விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் சாதாரண மின்விசிறி ஸ்பிரிங்க்ளருக்குப் பக்கத்திலேயே சுழல்கிறது. அதன் இறக்கை தண்ணீரை எங்கே தள்ளுகிறது, புகையை எங்கே கலைக்கிறது என்பதை நம் அறை அளவுகளில் அளந்து பார்க்க உங்கள் பட்டறையே போதும். தரையில் ஒரே அளவுள்ள தட்டுகளை அரை மீட்டர் இடைவெளியில் கட்டம் கட்டமாகப் பரப்புங்கள். மேலே பல்ப் எடுத்த ஒரு ஹெட், 1 பார் அழுத்தம், பத்து நிமிடம். பிறகு ஒவ்வொரு தட்டிலும் சேர்ந்த தண்ணீரை எடை போடுங்கள். விசிறி இல்லாமல் ஒரு முறை, நின்ற விசிறியோடு ஒரு முறை, ஓடும் விசிறியோடு ஒரு முறை. விசிறியின் மின் இணைப்பைத் தண்ணீரிலிருந்து காக்கும் ஏற்பாட்டை ஒரு தேர்ந்த எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகு தொடங்குங்கள். அளவுகள் கிடைத்ததும் இங்கேயே பதிவிடுங்கள், உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.